புகை போனது, பயமும் போனதா?

நம்பிக்கை: கஞ்சாவைப் பற்றவைத்து இழுத்தால்தான் நுரையீரல் கெடும். வேப் கருவியில் வருவது வெறும் ஆவி, அதனால் ஆபத்து இல்லை.

உண்மை: இதில் பாதி சரி. அந்தப் பாதிதான் மீதிப் பொய்யையும் நம்ப வைக்கிறது. எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். கஞ்சா இலை மூலிகை என்பதற்காக நெருப்பு அதற்குச் சலுகை காட்டுவதில்லை. நெடுநாள் கஞ்சா புகைப்பவர்களை விடாத இருமலும் சளியும் பிடித்துக்கொள்வதை அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. உலர்ந்த கஞ்சாவை எரியவிடாமல், சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் சூடேற்றினால் இந்தக் கார்பன் மோனாக்சைடு பெருமளவு குறைகிறது. 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு 18 பேரின் மூச்சை அளந்து அதைக் காட்டியது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் புகையில் இருந்த கேடு குறைந்தது என்பது ஒரு கணக்கு; புகைக்குப் பதிலாக உள்ளே போவது என்ன என்பது வேறு கணக்கு. வேப் என்று பெரும்பாலும் கைமாறுவது உலர்ந்த இலை அல்ல, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் அடைத்த எண்ணெய்.

அந்த எண்ணெயில் என்ன இருக்கலாம் என்பதை அமெரிக்கா 2019இல் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. விஸ்கான்சினிலும் இல்லினாயிலும் நல்ல உடல்நலத்துடன் இருந்த இளைஞர்கள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், 68 பேர் இறந்திருந்தார்கள். விவரம் சொன்ன நோயாளிகளில் சுமார் 82 சதவீதம் பேர் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி கலந்த வேப்பை இழுத்தவர்கள். 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தபோது 48 பேரிடம் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. கஞ்சா எண்ணெயைப் போலவே கெட்டியாகத் தெரிவதால், அளவைக் கூட்டிக் காட்டக் கலக்கப்பட்ட பொருள் அது. முகத்தில் பூசும் கிரீமில் இருக்கிறது, மாத்திரையாக விழுங்குகிறோம், தோலும் வயிறும் தாங்கிக்கொள்கின்றன. நுரையீரலுக்குச் செரிக்கத் தெரியாது. காற்றுக்கென்றே அமைந்த மெல்லிய சவ்வில் எண்ணெய் படிந்தால் அதைத் தள்ளிவிட அங்கே எளிய வழி இல்லை.

“அது கள்ளச் சந்தைச் சரக்கு, உரிமம் பெற்ற கடையில் வாங்கினால் பயமில்லை” என்பார்கள். பெரும்பாலான குப்பிகள் நண்பர்கள், தெருவோர விற்பனையாளர்கள் வழியாக வந்தவை என்பது உண்மைதான். ஆனால் எங்கே வாங்கினோம் என்று சொன்ன டிஎச்சி நோயாளிகளில் 16 சதவீதம் பேர் கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் மட்டுமே வாங்கியிருந்தார்கள். கலப்படமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அளவு என்ற சிக்கல் தீராது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எப்போதாவது மட்டும் கஞ்சா பயன்படுத்தும் 17 பேரை வைத்து ஆய்வு நடந்தது. 2018இல் முடிவு வெளியானது. ஒரே அளவு டிஎச்சி கொண்ட இலையைப் புகைத்தபோது இருந்ததைவிட ஆவியாக்கி இழுத்தபோது ரத்தத்தில் டிஎச்சி கூடுதலாக ஏறியது, சிந்தனைத் திறன் சோதனைகளில் தடுமாற்றமும் அதிகமானது. அது சுத்தமான உலர்ந்த கஞ்சா. குப்பி எண்ணெயில் டிஎச்சி 70, 80 சதவீதம் வரை செறிவாக இருக்கிறது, தொண்டையில் எரிச்சலும் குறைவு. ‘போதும்’ என்று உடல் எச்சரிக்கும் முன்பே அளவு எல்லை தாண்டிவிடுகிறது.

2019இல் பாதிக்கப்பட்ட நோயாளிகளில் பலருக்கு முதலில் நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், பலன் இல்லை. காய்ச்சல், இருமலோடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்ததால் கிருமித் தொற்று போலவே தோன்றியது. வேப் இழுப்பவருக்கு மூச்சு வாங்கி, அதோடு வயிறும் கலங்கினால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதை இழுத்தோம், கடைசியாக எப்போது இழுத்தோம் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மிச்சக் குப்பி இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.