திறன் வேறு, ஆற்றல் வேறு

மன்றச் செயலாளர் என்னிடம் கேட்டது, திறனுக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலாண்டு மாணவர்க்கும் விளங்கும்படி சொல்லும் ஒரு பாடக் கட்டுரை. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் இதைக் கரும்பலகையில் எழுதி அழித்து வருகிறேன். ஆனால் அந்த வேறுபாடு எனக்கே உறைத்தது 2025-ஆம் ஆண்டில்தான். அதுவும் ஒரு மின்சாரக் காரை விலைக்கு வாங்கிய பிறகு. ஆகவே பாடத்தை அந்தக் காரின் வழியாகவே சொல்லிவிடுகிறேன். என் அசட்டுத்தனங்கள் சில இடையிலே வெளிப்படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இலக்கணம். ஆற்றல் என்பது செய்யக்கூடிய வேலையின் மொத்த அளவு. திறன் என்பது அவ்வேலை நடைபெறும் விரைவு. குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எவ்வளவு விரைவாகக் கொட்டுகிறது என்பது வேறு கேள்வி. திறனைக் கிலோவாட்டில் அளக்கிறோம். ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட்-மணி. வீட்டு மின்சாரக் கட்டணச் சீட்டில் 'யூனிட்' என்று வருகிறதே, அது இதுதான்.

நான் முதன்முதலாக ஓட்டிப் பழகியது என் தகப்பனாரின் மாருதி 800. அதன் எஞ்சின் 37 குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 27 கிலோவாட். அதைக் கொண்டே எங்கள் குடும்பம் கொடைக்கானல் ஏறி இறங்கியிருக்கிறது. இப்பொழுது நான் வாங்கியது மகிந்திரா நிறுவனத்தின் பிஇ 6. 2024 நவம்பர் 26-இல் சென்னையில் அறிமுகமான வண்டி. மோட்டாரின் உச்சத் திறன் 210 கிலோவாட். ஏறக்குறைய எட்டு மாருதிகளை ஒன்றாகக் கட்டியதற்குச் சமம்! நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 6.7 விநாடியில் எட்டும் என்கிறார்கள். மின்கல அடுக்கின் கொள்ளளவு 79 யூனிட். கடையில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த 210-ஐ. 79-ஐத் தன் கைப்பையிலிருந்த சீட்டில் குறித்துக்கொண்டவள் என் மனைவி. ஏழாண்டுக் கடன். மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடுதான் என்பதை அவளுக்குப் பத்துத் தடவையாவது எடுத்துச் சொல்லியிருப்பேன். அவள் ஒரு தடவையும் மறுக்கவில்லை. தவணைத் தொகையை மட்டும் திருப்பிச் சொன்னாள்.

மின்சார வண்டி ஏன் இப்படிப் பாய்கிறது? பெட்ரோல் எஞ்சின் தன் முழு முறுக்கு விசையைத் தருவதற்குக் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டியாக வேண்டும். அதற்காகவே கிளட்சும் பல கியர்களும். மின் மோட்டாரோ அசையாமல் நிற்கும்போதே முழு முறுக்கையும் தர வல்லது. மிதித்த கணத்தில் வந்துவிடும். இது புதுமையும் அன்று. சாலையில் முதன்முதலாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தாண்டியதே ஒரு மின்சார வண்டிதான். 1899 ஏப்ரல் 29-இல் பாரிஸ் நகருக்கருகே கமில் ஜெனட்சி என்னும் பெல்ஜியக்காரர் 105.88 கி.மீ. வேகத்தில் அதை ஓட்டினார். அவ்வண்டியின் பிரெஞ்சுப் பெயருக்கு 'என்றும் திருப்தியுறாதவள்' என்று பொருள். கார் வாங்குவோர் அனைவருக்கும் பொருந்தும் பெயர்.

இனி, நான் வெட்கப்பட்டு எழுத வேண்டிய செய்தி. வண்டி வந்த இரண்டாம் வாரம், நம் மன்றத்தைச் சேர்ந்த மூவர் (பெயர் சொல்லப் போவதில்லை) காலையில் ஏறிக்கொண்டு, "சார், ஒரே ஒரு தடவை மிதிங்க சார்" என்றார்கள். விடுதிகளுக்குப் பின்னாலுள்ள சாலை வெறிச்சென்று கிடந்தது. மிதித்தேன். மூன்று விநாடி சொச்சத்தில் வேகமானி 60-ஐக் காட்டியது. அதே சமயம் வேலியோரச் சந்திலிருந்து தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தார். எஞ்சின் சத்தம் எதுவும் இல்லாததால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி நின்றபோது அவருக்கும் எனக்கும் இடையே இரண்டு முழம் இருந்திருக்கும். சைக்கிள் சாய்ந்து, அவருடைய ரொட்டிப் பொட்டலம் தரையில் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். நான் இறங்கி மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் வேலியைக் கடந்திருந்தார்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். வண்டியின் எடை இரண்டு டன் என்று கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 278 கிலோஜூல். 3,600 கிலோஜூல் ஒரு யூனிட் ஆகையால் அது 0.08 யூனிட்டுக்கும் குறைவு. என் வீட்டுச் சீட்டில் மேல்வரியெல்லாம் சேர்த்து யூனிட்டுக்கு ஆறு ரூபாய் அளவில் விழுகிறது. அரை ரூபாய்க்கும் குறைந்த மின்சாரம்! ஒரு மனிதனைக் கொல்ல அது போதும். ஆற்றல் அற்பம்; அதை மூன்றே விநாடியில் கொட்டித் தீர்த்ததுதான் திறன். பெரியவரை மறுவாரம் தேடிப் பிடித்தேன். "உங்கள் வண்டி பேசவே மாட்டேன் என்கிறதே, மணியாவது அடியுங்கள்" என்று இந்தியில் சொன்னார்.

அன்றாட வாழ்வில் அந்த 210 கிலோவாட் எனக்குத் தேவைப்படுவதே இல்லை. சமதளத்தில் 80, 90 கி.மீ. வேகத்தில் சீராக ஓட 15 கிலோவாட் அளவே போதும். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய் வர 24 கி.மீ.; நான்கு யூனிட் செலவு. இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கில் செருகினால் மூன்று கிலோவாட் வீதம் காலை ஆறு மணிக்குள் 24 யூனிட் ஏறிவிடும். ஆறு நாள் போக்குவரத்துக்கு அது போதும். (அடுக்குமாடிச் சங்கத்தாரிடம் அந்த ஒரு பிளக்குக்கு அனுமதி பெற்றது தனிப் புராணம்.)

மின்கலத்தைப் பற்றியும் இரண்டு சொல். இவ்வண்டியில் இருப்பது லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் வகை. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் குட்இனஃப் அவர்களின் ஆய்வுக் கூடத்திலிருந்து பாதி, நஞ்சுண்டசுவாமி என்னும் இரு இந்தியர்களும் அவரும் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. அதற்கு வழி வகுத்தது, 1980-களில் குட்இனஃபும் நம் ஆறுமுகம் மந்திரமும் செய்த ஆய்வு. மந்திரம், தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரிற் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்றவர். 2019-இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை ஆற்றியவரும் அவரே. இவ்வகை மின்கலத்தில் விலை மிகுந்த கோபால்ட்டும் நிக்கலும் இல்லை, எளிதில் தீப்பற்றாது, நெடுநாள் உழைக்கும். ஆனால் அதே எடைக்கு ஆற்றல் சற்றுக் குறைவாகவே கொள்ளும்; குளிரில் சோம்பும். இந்தக் கடைசிக் குணத்தை நான் டிசம்பரில் தெரிந்துகொண்டேன்.

மதுரையிலிருந்து வந்திருந்த என் தாயார் பனி மலையைப் பார்க்க வேண்டுமென்றார். 2025 டிசம்பரில், டில்லியிலிருந்து 350 கி.மீ. தொலைவிலுள்ள சிம்லாவுக்கு, மனைவியும் அம்மாவும் உடன் வரப் புறப்பட்டோம். சான்றிதழில் வண்டியின் ஓட்டம் 682 கி.மீ. எல்லா வண்டிகளுக்கும் பொதுவான சோதனைக் கூட முறைப்படி, மிதமான வேகத்தில் அளந்த எண் அது. 682-இல் 350 பாதிதானே என்று கர்னால் சாலையில் 110-இல் பறந்தேன். குளிரும் சேர்ந்து 100 கி.மீ.க்கு 20 யூனிட் குடித்தது. மலையடிவாரத்தை அடைந்தபோது 240 கி.மீ.; 48 யூனிட் செலவு; மிச்சம் 31. அங்கே மின்னேற்றலாம் என்று குறித்து வைத்திருந்த நிலையத்தில் இருந்த இரண்டு இயந்திரங்களும் செத்துக் கிடந்தன. பரவாயில்லை என்று ஏறத் தொடங்கினேன்.

இந்த இடத்தில் பாடம் வருகிறது. மூவரோடும் சாமான்களோடும் வண்டி 2,200 கிலோ. சிம்லா, அடிவாரத்தைவிட ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 41 மெகாஜூல். பதினோரு யூனிட்டுக்கு மேல். சாலை உராய்வு வேறு. கால் நடுங்கும் அம்மாவுக்காக ஓடும் வெப்பக் கருவி மணிக்கு ஒரு யூனிட் வேறு. சோலனை நெருங்கியபோது மிச்சம் 13. இன்னும் 50 கி.மீ.; கணக்குப்படி தேவையும் 13. வெப்பக் கருவியை நிறுத்தினேன். அம்மா போர்வைக்குள்ளிருந்து, "ஏம்ப்பா, பெட்ரோல் வண்டின்னா ஒரு டப்பாவில வாங்கிட்டு வந்து ஊத்தலாம்ல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

சாலையோரத்தில் ஒரு டீக்கடை. சமையற்கட்டில் தண்ணீர் சூடாக்கும் கருவிக்கான 16 ஆம்பியர் பிளக் ஒன்று இருந்தது. கடைக்காரர் கருவியைக் கழற்றிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். மூன்று மணி நேரம், ஒன்பது யூனிட். அம்மா அடுப்பருகே அமர்ந்து, மொழி தெரியாமலே கடைக்காரர் மனைவியோடு பட்டாணி உரித்தாள். 210 கிலோவாட் மோட்டாரை முழுக்க மிதித்தால் அந்த ஒன்பது யூனிட் இரண்டரை நிமிடத்தில் தீரும். அதையே மூன்று கிலோவாட் பிளக் மூன்று மணி நேரம் பொறுமையாகச் சேர்த்துத் தந்தது. இருட்டிய பின் சிம்லா சேர்ந்தோம். கடைக்காரர் மின்சாரத்துக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டு, ஆறு டீக்கு மட்டும் கணக்குச் சொன்னார்.

இறங்கும்போது இன்னொரு தவறு. மலை இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி வண்டியைத் தடுத்து, ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பித் தரும். ஆனால் நான் பட்ட பயத்தில் விடுதியில் இரவு முழுதும் ஏற்றி நூறு விழுக்காடு நிரப்பிவிட்டேன். நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? எந்த மின்வண்டிக்கும் இதுதான் இயல்பு. முதல் சில மைல்களுக்கு பிரேக்குகளே எல்லாச் சுமையையும் தாங்கின. வரவேண்டிய யூனிட்டுகள் சூடாகிக் காற்றில் போயின. மலையுச்சியில் 80, 85 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வதே நலம்.

அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டாள். பக்கத்து வீட்டாரிடம் இந்தக் காரைப் பற்றி அவள் சொல்லும்போது 210-ம் இல்லை, 6.7-ம் இல்லை. "டீக்கடையில கரண்டு வாங்கி ஓடுற காரு" என்கிறாளாம்.