வாசலிலேயே தொடங்கலாம் பட்டாம்பூச்சிப் பதிவு

கேமரா வாங்கியதும் காட்டுக்கு ஓட வேண்டாம். வாசல் கறிவேப்பிலைச் செடியின் இலைகளைக் கவனியுங்கள். பறவை எச்சம்போல் ஒட்டிக்கிடப்பது கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். எருக்குச் செடியில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடும்.

காலை வெயில் ஏறும் நேரம் நல்லது. பட்டாம்பூச்சி சிறகு விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்தால் பறந்துவிடும், பக்கவாட்டிலிருந்து நெருங்குங்கள். சிறகின் மேற்புறம், அடிப்புறம் இரண்டையும் எடுங்கள். நீலன் வகைப் பட்டாம்பூச்சிகளை அடிப்புறப் புள்ளிகளை வைத்துத்தான் பெரும்பாலும் பிரித்தறிய முடியும். அழகான படம் வேறு, அடையாளம் சொல்லும் படம் வேறு. லைக்குக்காக எடுப்பவர்களுக்கு இது லேசில் புரியாது!

தேதி, இடம், அமர்ந்திருந்த செடி மூன்றையும் அன்றே குறித்துவிடுங்கள். செல்போனில் உயிரினங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி இருந்தால் படத்தோடு ஏற்றலாம். பெயர் தெரியாவிட்டாலும் அங்கே மற்றவர்கள் சொல்வார்கள். "இது தினமும் வருவதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். அது வராமல் போகும் ஆண்டைக் கண்டுபிடிக்க இன்றைய பதிவு வேண்டும்.

படத்துக்கு இடைஞ்சல் என்று கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள். அடுத்த இலையில் முட்டை இருக்கலாம்.