லேப்டாப் வாங்குமுன்: ஐ3, ஐ5, ஐ7 எண்களைப் படிப்பது எப்படி?



பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுவாரத்திலிருந்து நமது அலுவலகத்திற்கு வரும் கல்வி உதவி விண்ணப்பங்களில், கல்லூரிக் கட்டணத்திற்கு அடுத்தபடியாக லேப்டாப்தான் நிற்கிறது. இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கேட்கிறார்கள். கொடுப்பது பைத்துல்மால் பணம், அமானிதம். ஆகவே எதை வாங்கப் போகிறீர்கள் என்று கேட்பது எங்கள் கடமையாகி விடுகிறது. பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: “ஐ7 வாங்கச் சொன்னாங்க.”

சென்ற ஆண்டு ஒரு சகோதரி மகனை அழைத்துக்கொண்டு வந்தார். கணவர் இல்லை, தையல் வருமானம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு கடனும் சேர்த்து, நகரத்தில் ஒரு கடையில் 24,000 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கியிருந்தார். “பாய், ஐ7தான் எல்லாத்துலயும் பெரிசுன்னு சொன்னாங்க. இப்ப காலேஜ்ல விண்டோஸ் 11 கேக்குறாங்க, இதுல ஏற மாட்டேங்குது” என்றார். திறந்து பார்த்தோம். ஐ7 என்பது உண்மைதான். ஆனால் ஐ7-6500யு. 2015-இல் வந்தது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். அந்தப் பாதி எங்கே இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்டெல் கம்பெனியின் ப்ராசஸர் பெயரில் ஐ3, ஐ5, ஐ7 என்பது படிநிலை. சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம் தலைமுறை. 6500 என்றால் 6-ஆம் தலைமுறை. 1235 என்றால் 12-ஆம் தலைமுறை. கடைசி எழுத்து மின்சக்தியைக் காட்டுவது. படிநிலையை ஒரே தலைமுறைக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும். தலைமுறை மாறிவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. மேலே சொன்ன ஐ7-6500யு-வில் கோர் எனப்படும் செயல்பகுதிகள் இரண்டுதான். 2022-இல் வந்த ஐ3-1215யு-வில் ஆறு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப் வாங்குபவர்கள் இந்த ஒன்றை மட்டும் பார்த்தாலே பாதி நஷ்டம் தவிரும். கடையிலேயே செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் ப்ராசஸரின் முழுப் பெயரும் தெரியும். அதைக் காட்டத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

சரி, ஒரே தலைமுறையிலாவது ஐ7 அவசியமா? 12-ஆம் தலைமுறையையே எடுத்துக்கொள்வோம். ஐ5-1235யு-வில் பத்து கோர். ஐ7-1255யு-விலும் அதே பத்து. உள்நினைவான கேஷ் இரண்டிலும் 12 எம்.பி. அடிப்படை மின்சக்தி இரண்டுக்கும் 15 வாட். உச்ச வேகம் ஒன்றில் 4.4 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.7. பெரிய வித்தியாசம் அவ்வளவுதான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே சரக்கில் வந்த தோலைக் கைபார்த்துத் தரம் பிரிப்பது போல, ஒரே அமைப்பில் வார்த்த சில்லுகளைச் சோதித்துப் படி பிரிக்கிறார்கள். அந்த உச்ச வேகமும் சில நொடிகளுக்குத்தான். மெல்லிய லேப்டாப் சூடேறியதும் இரண்டும் ஏறக்குறைய ஒரே நடைக்கு வந்துவிடும். இந்த வித்தியாசத்திற்குப் பத்தாயிரமோ அதற்கு மேலோ கேட்டால், அந்தப் பணம் 16 ஜி.பி. ரேமுக்குப் போவதே நல்லது.

ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ரைசன் 5 7520யு-வில் அது 2. அதாவது 2019-ஆம் ஆண்டின் ஜென் 2 என்ற பழைய அமைப்பு, நான்கு கோர். ரைசன் 5 7530யு-வில் அது 3. ஜென் 3, ஆறு கோர். இரண்டின் மேலும் ஒட்டியிருப்பது “ரைசன் 5” என்ற ஒரே ஸ்டிக்கர். ரைசன் 3 7330யு கூட அந்த 7520யு-வை விடப் புதிய அமைப்பு கொண்டது. மேலும் 7520யு உள்ள லேப்டாப்புகளில் ரேம் போர்டோடு ஒட்டியே வரும். பிறகு கூட்ட முடியாது. 8 ஜி.பி. வாங்கினால் கடைசி வரை 8 ஜி.பி.தான்.

2023 இறுதியிலிருந்து இன்டெல் ‘ஐ’ என்ற எழுத்தையே எடுத்துவிட்டு கோர் 5, கோர் 7, கோர் அல்ட்ரா 5 என்று பெயர் வைக்கிறது. பெயர் மாறினாலும் பழைய வழக்கம் மாறவில்லை. கோர் 5 120யு, கோர் 7 150யு இரண்டிலும் பத்து கோர்தான்.

இனி யாருக்கு எது? பி.காம்., பி.ஏ., நர்சிங் படிப்பவர்களுக்கும், டாலி, வேர்டு, ஆன்லைன் வகுப்பு என்ற அளவில் உள்ளவர்களுக்கும் அண்மைத் தலைமுறை ஐ3 அல்லது ஜென் 3 ரைசன் 3 போதும். அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் ஐ5, 16 ஜி.பி. ரேம் என்று போகலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்றவை ரேமைத்தான் அதிகம் தின்னும். சிவில், மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர், வீடியோ எடிட்டிங் படிப்பவர்கள் படிநிலையை விட கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். எச் என்று முடியும் ஐ5-12450எச் 45 வாட் வகை. அதில் வேகமான பெரிய கோர் நான்கு. ஐ7-1255யு-வில் அது இரண்டுதான். இவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டும் தேவைப்படும். பாடத்தில் வரும் மென்பொருள்களின் பட்டியலைத் துறையிலேயே கேட்டு வாங்கி வாருங்கள். செலரான் போட்டு, எஸ்.எஸ்.டி.க்குப் பதில் இ.எம்.எம்.சி. என்ற மலிவுச் சேமிப்புடன் வருபவை சிறுபிள்ளைகளின் பாடத்திற்குச் சரி. நான்காண்டுக் கல்லூரிப் படிப்புக்கு வேண்டாம்.

கையிலுள்ள பணத்திற்கு ஐ5 வரும், ஐ7 வராது என்னும்போதுதான் “நோ காஸ்ட் இ.எம்.ஐ.” என்பார்கள். பெரும்பாலும் வட்டி என்று ஒரு வரி, அதே அளவு தள்ளுபடி என்று இன்னொரு வரி, வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. வேறு. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். தேவையில்லாத ஒரு படிக்காக இதில் மாட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இவ்வாண்டு முதல், உதவி கேட்கும் மாணவர்கள் பணம் கட்டுவதற்கு முன் கடை தந்த விலைப்பட்டியலை எங்களிடம் காட்ட வேண்டும் என்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறோம். அதில் ப்ராசஸரின் முழு எண், ரேம், எஸ்.எஸ்.டி. அளவு மூன்றும் இருக்க வேண்டும். வெறும் “ஐ5” என்று எழுதிய சீட்டு ஏற்கப்படாது. மஃரிபுக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்போம். நமது மஹல்லாவில் ஐ.டி. வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சகோதரியின் லேப்டாப்பைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதை அறக்கட்டளைக்கென்று விலை கொடுத்து வாங்கி, லினக்ஸ் போட்டு, மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ், அரபி தட்டச்சுப் பழக வைத்திருக்கிறோம். அந்த வேலைக்கு நன்றாகவே ஓடுகிறது. மகனுக்கு ஐ3-1215யு-வும் 16 ஜி.பி. ரேமும் கொண்ட லேப்டாப் வாங்கினோம். இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு.