சத்திரமும் அதன் வயலும்

பெரம்பலூருக்கு அருகே சத்திரமனை என்றோர் ஊர் உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பெருவழியில், பெரம்பலூரை ஒட்டித் தண்ணீர்ப்பந்தல் என்றோர் இடமும் உண்டு. இப்பெயர்களைப் பேருந்து நடத்துநர் நாள்தோறும் கூவுகிறார். நாமும் கேட்டு இறங்குகிறோம், ஏறுகிறோம். அவற்றின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வழிநடப்போர்க்கு நிழலும் நீரும் உணவும் தருவதைப் பெரும் அறமாகக் கொண்ட மக்கள் வாழ்ந்த நாட்டில்தான் இத்தகைய ஊர்ப்பெயர்கள் பிறக்கும்.

இன்று பல ஊர்களில் பழைய சத்திரங்கள் கூரை சரிந்து, ஆலும் அரசும் முளைத்து நிற்கின்றன. அவற்றை இடிப்பதா, வைத்திருப்பதா என்ற கேள்வி எழும்போது, "அதில் என்ன இருக்கிறது? நான்கு தூணும் ஒரு திண்ணையும்தானே?" என்று கேட்கின்றனர். இக்கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சத்திரம் என்பது கூலி பெற்றுக்கொண்டு இடம் தரும் விடுதியன்று. அரசரோ, பாளையக்காரரோ, வணிகரோ, மக்கட்பேறில்லாத ஒரு மூதாட்டியோ அதனைக் கட்டுவித்தபோது, கட்டடத்தோடு நிலத்தையும் சேர்த்தே எழுதிவைத்தனர். அந்நிலத்தின் விளைவே அடுப்பில் ஏறியது. அதன் வைக்கோலே வண்டிமாடுகளுக்குத் தீனியாயிற்று. சாலையை நோக்கிய திண்ணை, உள்ளே முற்றம், பின்புறம் சமையற்கட்டு, கிணறு, குளம், மாடுகள் நீர் அருந்தக் கல்தொட்டி, வண்டி அவிழ்த்துவிடப் புளியந்தோப்பு, சற்றுத் தொலைவில் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் ஆகியன சத்திரத்தின் உறுப்புகளாம். ஆகவே சத்திரம் ஒரு பண்ணையும் ஆகும். பெரம்பலூர் வட்டாரம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் வரகும் விளையும் இத்தகைய நாட்டில், வழிப்போக்கனுக்கு எப்போதும் நெற்சோறே கிடைத்திருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. கூழ் ஊற்றுவதும் அறமே.

நிலத்தையும் உணவையும் இணைக்கும் இம்முறை மிகத் தொன்மையானது. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரத்தில் உள்ளது. அங்கு இருந்த கல்லூரியில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்ததையும், அதற்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டதையும் அது கூறுகிறது. உண்பவரும் கற்பவரும் இன்னாரென்று சொல்லிய அதே கல், அதற்கு இன்ன நிலம் என்றும் சொல்லிவிட்டது. நிலத்தின் பெயரைச் சொல்லாத அறம் நெடுநாள் நில்லாது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

கொள்ளிடத்தைக் கடந்தால் தஞ்சை நாடு. சத்திரங்கள் எவ்வாறு நடந்தன என்பதைக் காட்டும் மிகச் சிறந்த சான்று அங்கிருந்தே கிடைக்கிறது. 1799-இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. மன்னர் இரண்டாம் சரபோஜி எதை இழந்தாலும் சத்திரங்களை இழக்க மனம் கொள்ளவில்லை. 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதத்தில் சத்திரங்களின் அன்றாட நடைமுறையை விரித்துரைத்துள்ளார். இராமேசுவரம் செல்லும் வழிநெடுக யாத்திரிகர் அனைவர்க்கும் சாதி வேற்றுமையின்றி உணவு தரப்பட்டது. சமைத்த உணவு வேண்டாதார்க்கு அரிசியும் பண்டங்களும் அளிக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டோ என்று அழைத்தனர். வழியில் நோயுற்றவர்க்கு மருத்துவம் செய்தனர். பிள்ளைப்பேறு நேர்ந்த பெண்களைப் பேணினர். அநாதைச் சிறுவர்களை வளர்த்துக் கல்வி கற்பித்தனர். இறந்தவர்க்கு அவரவர் வழக்கப்படி இறுதிக்கடன் ஆற்றினர். மறு ஆண்டு, 1802-இல், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் எழுந்தது. ஓர் ஆட்சியாளர் மற்றோர் ஆட்சியாளருக்கு எழுதிய விண்ணப்பத்தில் நள்ளிரவு மணிக்கும் இடம் கிடைத்தது எண்ணி மகிழத்தக்கது.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது சென்னை ஒழுங்குவிதி, கோயில்கள், பாலங்கள், சத்திரங்கள் முதலியவற்றின் அறக்கட்டளைகளை ரெவினியூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், இத்தகைய நிலங்களையெல்லாம் ஆராய்ந்து பதிவு செய்தது. 1884-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஸ்தல ஸ்தாபனங்கள் வலுப்பெற்றபோது சத்திரங்கள் பல அவற்றின் பொறுப்பில் இருந்தன. 1920-களின் இறுதியில் விழுப்புரம் – திருச்சிராப்பள்ளிக் குறுக்குப்பாதை திறக்கப்பட்டதும் அரியலூருக்கு இரயில் வந்தது. இரண்டு நாள் மாட்டுவண்டிப் பயணம் சில மணி நேரப் பயணமாயிற்று. பெரம்பலூர் நகரத்துக்கு இன்றும் இரயில் இல்லை. அங்கே சாலைதான் எல்லாம். பேருந்தும் சரக்குந்தும் பெருகிய பின்னர் அச்சாலையிலும் இரவு தங்குவோர் இலராயினர். 1963-இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது.

இவ்வாறு நிலம் ஒரு பக்கமும் கட்டடம் மற்றொரு பக்கமும் பிரிந்தன. விளைவு வராத சத்திரத்தில் அடுப்பு அணைந்தது. அடுப்பு அணைந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிப்பவர் யார்? சட்டப்படி பட்டா பெற்று இன்று அந்நிலத்தில் உழைத்து வாழும் குடிகளை அசைப்பது நம் கருத்தன்று. ஆனால் எந்த வயல் எந்தச் சத்திரத்துக்குச் சோறு போட்டது என்ற வரலாறு மறைந்துபோகலாகாது.

திண்ணையில் வாழ்ந்த கலை

சத்திரத்திலும் திண்ணையிலும் உணவு மட்டும் பரிமாறப்படவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் இளமையின் ஒரு பகுதியை இவ்விரு மாவட்டங்களில்தான் கழித்தார். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தானத்து இசைப்புலவர் கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். அரியலூர், குன்னம் முதலிய ஊர்களில் குடும்பத்தோடு தங்கி, இசையும் இராமாயண விரிவுரையும் நிகழ்த்தி, ஊரார் மனமுவந்து அளித்தவற்றைக் கொண்டு வாழ்ந்தார். மகன் அரியலூரில் சடகோபையங்காரிடமும் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும் தமிழ் பயின்றார். ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பின்னாளில் ஊர் ஊராக அலைந்த அப்பெரியாரைத் தொடக்கத்தில் தாங்கியவை, வந்தவர்க்கு இடமும் தானியமும் தர அஞ்சாத இந்தப் புன்செய்க் கிராமங்களே. 'என் சரித்திரம்' என்னும் நூலில் இவற்றை அவர் விரிவாக எழுதியுள்ளார். பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பள்ளிகளின் உயர்வகுப்பு மாணவர்கள் அப்பகுதிகளையாவது படித்தல் வேண்டும். தம் ஊர்ப்பெயரைப் பெரிய நூலொன்றில் காண்பதே ஒரு மகிழ்ச்சியன்றோ!

தானியத்தையும் வழிபாட்டையும் விருந்தோம்பலையும் இணைக்கும் வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு உழவர்கள் தம் விளைவில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவருவதை இன்றும் காணலாம். திருமழபாடியில் நந்தி திருமணத்துக்குத் திரளும் மக்களுக்கு நீர்மோரும் உணவும் அளிப்போரும் பழைய சத்திரத்தின் வழிவந்தோரே எனலாம்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

பழைய கட்டடத்தைக் காக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தாலேயே அதற்குக் கேடு விளைவதும் உண்டு. சத்திரங்களின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துப் பல நாள் புளிக்கவைத்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் விட்டு அரைத்துப் பூசினர். மேல்தளத்துக்கு மரச்சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர்.

இத்தகைய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை ஏற்று மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து பழஞ்சுவரையும் இழுத்துக்கொண்டு விழும். அரியலூர் சிமெண்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டம்; 1979 முதல் அரசு ஆலையும் அங்கே இயங்கிவருகிறது. ஆகவே ஒரு மூட்டை சிமெண்டு எளிதில் கைக்கு வரும். ஊர்ப்பற்று மிக்க இளைஞர்கள் ஒரே நாளில் பூசிமுடித்தும் விடுவர்! ஆனால் கல்லங்குறிச்சிப் பகுதியில் வெட்டப்படும் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியில் சிப்பிகள் படிந்து உண்டானது. அதே கல்லை நீற்றிப் பெறும் சுண்ணாம்பே பழஞ்சுவருக்கு உற்ற மருந்து. சிமெண்டைப் புதுக் கட்டடத்துக்கு வைத்துக்கொள்வோம்.

பழுதுபார்க்கும் வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் மழைநீர் சுவரடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டவேண்டும். அடுத்து, சுவரில் முளைத்த அரசு, ஆல் கன்றுகளைப் பிடுங்கி இழுக்காமல் அடியோடு வெட்டி வேர் பட்டுப்போகச் செய்யவேண்டும். பின்னர் மரத்தில் கறையானைப் பார்க்கவேண்டும். பூச்சும் வெள்ளையும் இறுதியில் வருவன. தூணிலோ சுமைதாங்கியிலோ எழுத்து இருப்பின் அதன்மேல் வண்ணம் தீட்டலாகாது, சுரண்டவும் கூடாது. தொல்லியல் துறையினர்க்குத் தெரிவித்தால் படி எடுத்துப் படித்துக் கூறுவர். கருவுற்றிருந்து இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிகள் நடப்படுவது வழக்கம். எந்தத் தாயின் பெயரை நாம் சுண்ணாம்பால் மறைக்கிறோம் என்று அறியாமலே அடித்துவிடுகிறோம்.

ஊரார் செய்யவேண்டுவன

சுப்பான் நாட்டில் துமாகோ என்னும் மலையூர், பழைய பெருவழி ஒன்றின் தங்கல் ஊர். புதுச் சாலையும் இரயிலும் வந்து அதனை ஒதுக்கிய பின்னர், ஊர் மக்களே கூடி, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971-இல் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். 1976-இல் அந்நாட்டு அரசும் அதனைப் பாதுகாப்புப் பகுதியாக ஏற்றது. ஈரானில் பாலைவழிகளில் நிற்கும் 54 பழைய சத்திரங்கள் 2023-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. நம் அருகிலேயே, தஞ்சைச் சத்திர அறத்தின் பொருளைக் கொண்டு 1881-இல் திருவையாற்றில் தொடங்கிய பாடசாலை, பின்னர்த் தமிழும் கற்பிக்கும் அரசர் கல்லூரியாக வளர்ந்தது. சத்திரம் தன் தொழிலை மாற்றிக்கொண்டும் வாழலாம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. நூல்நிலையம், முதியோர் பகல் தங்குமிடம், உழவர் தானியம் உலர்த்திப் பிரிக்கும் இடம், மாலையில் கூத்தும் பாட்டும் பயிலும் களம் என எதற்கும் அத்திண்ணை பொருந்தும்.

கட்டடத்தில் கை வைக்குமுன் ஒரு குறிப்பேடு தொடங்குதல் வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்து 'அ' பதிவேட்டில் சத்திரத்தின் புல எண் என்ன, அது யார் பெயரில் உள்ளது என்று முதலில் பார்க்கவேண்டும். சத்திரப் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட இடம் வேறு பெயராக மாறியிருப்பின் கிராம சபையில் வைத்துப் பேசவேண்டும். பழைய இனாம் பதிவேட்டில் நிலம் கொடுத்தவர் பெயரும் நோக்கமும் கிடைக்கக்கூடும். அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர் வரலாறுகள் மெக்கன்சி தொகுத்த சுவடிகளிலும் உள.

ஏடுகளைவிட விரைவில் மறைவது முதியோர் நினைவு. ஆதலின் ஊராட்சியின் எண்பது வயதினரை இந்த ஆண்டிலேயே கண்டு கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். சத்திரத்தில் கடைசியாகச் சமைத்தவர் யார்? எந்த வயலிலிருந்து நெல்லோ கம்போ வந்தது? உள்ளே உண்டவர் யார், வெளியே நின்று உண்டவர் யார்? இக்கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்கலாகாது. சரபோஜியின் கடிதம் சொன்னபடியே எல்லா ஊரிலும் நடந்திராது. விடை கசப்பாயினும் அதனை அப்படியே எழுதுக. பிறகு, எந்த நாடகக் குழு அங்கே தங்கியது? எந்தச் சந்தைக்குச் செல்லும் மாடுகள் அத்தொட்டியில் நீர் குடித்தன? தொட்டி இப்போது எங்கே?

தொட்டி பெரும்பாலும் யாரேனும் ஒருவர் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும். அதனை நிமிர்த்தி, சித்திரை பிறக்குமுன் சத்திரத்து வாயிலில் கொண்டுவந்து வைத்து நீர் நிரப்ப, நான்கு ஆட்களும் ஒரு வண்டியும் போதும்.