கோட்பாடும் கோஷமும்

கல்விக்கூடங்களிற் பிறக்கும் கருத்துக்கள் பொதுமக்களைச் சென்றடையும் வழி நேரானதன்று. அறிஞர் ஒருவர் பல பக்கங்களில் ஆராய்ந்து நிறுவியதை மேடைப் பேச்சாளர் ஒரு சொல்லாற் குறிப்பிடுவார். அச்சொல் வாய்க்குவாய் திரிந்து, ஈற்றில் அவ்வறிஞர் கூறியதற்கு மாறானதையே அவர் கூற்றாகக் காட்டி நிற்கும். இவ்வாறு அண்மைக் காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பூசலுக்கு இலக்காயது, 'விமர்சன இனக் கோட்பாடு' என்பது. அதன் வரலாற்றை நாம் ஈண்டு ஆராய்வோம்.

முதலிற் கோட்பாடு யாதெனக் காண்போம். அரசாங்கப் பாடசாலைகளில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைத்தல் அரசியலமைப்புக்கு முரணானதென 1954இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964இல் குடியியல் உரிமைச் சட்டமும் நிறைவேறிற்று. ஆயினும் செல்வத்திலும் வதிவிடத்திலும் கல்வியிலும் இரு சாராரிடை நிலவிய ஏற்றத்தாழ்வு நீங்கவில்லை. சட்டம் மாறியும் வாழ்வு மாறாதது ஏன்? இவ்வினாவை எழுப்பியோருள் தலையாயவர் டெரிக் பெல். பாடசாலை வழக்குகளிற் கறுப்பின மக்களுக்காக உழைத்த வழக்கறிஞரான அவர், 1971இல் ஹார்வட் சட்டக் கல்லூரியின் நிரந்தரப் பேராசிரியரானார். அப்பதவியைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. கிம்பர்லே கிரென்ஷா முதலிய இளைய அறிஞர் அவ்வழியில் ஆய்வினைத் தொடர்ந்தனர். 1989இல் விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகருக்கருகே அவர்கள் கூடியபோது இப்பெயர் நிலைபெற்றது.

அவர்தம் கருத்தின் சாரம் இதுவே: இனப் பாகுபாடு தீயோர் சிலரின் உள்ளத்து வெறுப்பு மாத்திரமன்று, வெறுப்பறியாத அலுவலர் கையாளும் விதிகளினுள்ளும் அது தங்கியிருத்தல் கூடும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 1986இல் இயற்றப்பட்ட போதைப்பொருட் சட்டத்தின்படி, 'கிராக்' எனும் கட்டிவடிவக் கொக்கெயின் 5 கிராம் விற்றவனுக்கும், தூள்வடிவக் கொக்கெயின் 500 கிராம் விற்றவனுக்கும் குறைந்தபட்சத் தண்டனை ஒன்றே, ஐந்தாண்டுச் சிறை. அச்சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் கிராக் வழக்குகளிற் சிறை சென்றோர் மிகப் பெரும்பாலும் கறுப்பினத்தவரே. நூறு மடங்காயிருந்த இவ்வேற்றுமை 2010இலேதான் பதினெட்டு மடங்காகக் குறைக்கப்பட்டது. இங்கே சட்டம் இயற்றியோரின் மனத்தைத் துருவ வேண்டுவதில்லை. சட்டத்தின் விளைவை நோக்கினாற் போதும்.

இனி, கோஷத்திற்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் என்பவர் மினியாப்பொலிஸ் நகரிற் பொலிசாராற் கொல்லப்பட்டார். நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அலுவலகங்களில் இனம் பற்றிய பயிற்சி வகுப்புக்களும் பெருகின. அவ்வாண்டு செப்டெம்பரில் ஜனாதிபதி டிரம்பின் அரசாங்கம் அரசாங்க அலுவலகங்களில் அத்தகைய பயிற்சிகளைக் கட்டுப்படுத்திற்று. 2021 ஜனவரியில் ஜனாதிபதி பைடன் அவ்வாணையை நீக்கினார். எனினும் பிரசாரம் ஓயவில்லை. அதனை முன்னின்று நடத்திய கிறிஸ்தோபர் ரூஃபோ, மக்கள் வெறுக்கும் பலவற்றையும் இவ்வொரு பெயரின்கீழ்த் தொகுத்தலே தம் நோக்கமென 2021 மார்ச் மாதத்தில் வெளிப்படையாகவே எழுதினார். அவ்வாண்டில் ஐடஹோ, ஒக்லஹோமா, டெனசி, டெக்சாஸ் முதலிய மாநிலங்கள் பாடசாலைக் கல்வியைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின.

அச்சட்டங்கள் விலக்கியது எதனை? இன்ன இனத்திற் பிறந்தமையாலேயே ஒருவன் முன்னோர் செய்த பிழைக்குப் பொறுப்பாளியாவான் என்ற போதனையை. அதனை விலக்க விரும்புதல் நியாயமே. ஆனால், தனிமனிதன் மீது பழி சுமத்துவதை விடுத்து விதிகளை ஆராய்க என்றதன்றோ அக்கோட்பாடு? திரிபு நிகழ்ந்த இடம் இதுவே. சட்டக் கல்லூரியில் முதிர்ந்த மாணவர் கற்ற பாடம், சிறுவர் பள்ளியில் நஞ்சூட்டுவதாகப் பேசப்பட்டது. அடிமை முறையையும் இனப்பிரிவினையையும் கற்பிக்கும் ஆசிரியரோ, எவ்வளவு கூறினாற் குற்றமாகும் என்பதறியாது தயங்கலாயினர்.

பிழை ஒரு பக்கத்தது மாத்திரமன்று. பயிற்சி நடத்திய சிலர் இவ்வாய்வினை வாய்பாடாகச் சுருக்கி, வந்திருந்தோரைத் தத்தம் குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு கேட்டனர். ஐயம் வினவிய பெற்றோரை இனவெறியர் என ஒதுக்கியோரும் உளர். அவர்களும் கோட்பாட்டைக் கோஷமாக்கினவரேயாவர்.

மறுப்பு வேறு, திரிபு வேறு. ஹார்வட் பேராசிரியரும் கறுப்பினத்தவருமான ரான்டல் கென்னடி 1989இலேயே இவ்வறிஞர்தம் முடிபுகள் சிலவற்றுக்குப் போதிய சான்றில்லையெனச் சட்ட ஏடொன்றில் விரிவாக எழுதினார். அவர் அவர்களைக் கற்றார், அவர்கள் கூறியதை உள்ளவாறு எடுத்துரைத்தார், அதன்பின்னரே மறுத்தார். கல்விக்கு ஏற்ற பகை அதுவாம்.

ஆகவே, அரசியல் மேடையில் ஒரு கோட்பாட்டின் பெயர் ஒலிக்கக் கேட்கும்போது நாம் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனைக் கூறியவர் யார்? அவர் தம் எழுத்திற் கூறியது யாது? இப்பெயரை இப்பொழுது வழங்குவோர் அதனால் எய்த நினைக்கும் பயன் யாது? இவற்றுக்கு விடை காணுமுன் கைதட்டுதலும் ஆகாது, கல்லெறிதலும் ஆகாது. தேர்வுக்காக நாம் கற்றவற்றுட் பல மறந்துபோதல் இயல்பு. இவ்வொரு பழக்கமேனும் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரும் நம்முடன் இருத்தல் வேண்டும்.