ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்துக்குள் நுழையும்போது எந்தத் தடம், எந்தக் கோடு?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 30 மீட்டர் கடந்துவிடும். "அப்பா, ஆர் அண்ட் ஆர் வந்துருச்சு, நிறுத்துங்க!" என்று பின்சீட்டிலிருந்து சத்தம் வருகிறது. ஓட்டுகிறவர் பலகையைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்து, ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் 100 மீட்டர் போய்விட்டிருக்கும். அதற்கப்புறம் உள்ளே போக ஒரே வழிதான் இருக்கிறது, வெள்ளைக் கோடுகளை ஏறி மிதிப்பது. தீபாவளிக்கும் தைப்பூசத்திற்கும் குடும்பத்தோடு ஊர் போகிறவர்களில் எத்தனையோ பேர் இதைச் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். உள்ளே போவதா வேண்டாமா என்ற முடிவைக் கோட்டுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். கோடு வந்த பிறகு எடுக்கிற முடிவு எதுவானாலும் ஆபத்தில்தான் முடியும்.

எங்கே நிற்பது என்று புறப்படும்போதே பேசுங்கள்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே போனால் தாப்பா, சுங்கை பேராக், குனோங் செமாங்கோல், குரூண் என்று ஓய்விடங்கள் வரிசையாக இருக்கின்றன. தெற்கே போனால் சிரம்பான், ஆயர் குரோ, பாகோ, மாச்சாப். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கிக் காலை நீட்டுவது என்று வைத்துக்கொண்டால், எந்த இடம் என்பது தானாகவே தெரிந்துவிடும். அதைக் காரில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு எப்போது கழிப்பறை தேவைப்படும் என்று அம்மாவுக்குத் தெரியும், எந்த இடத்தில் நிற்கப்போகிறோம் என்று அப்பாவுக்குத் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்ளாததால்தான் கடைசி நேரத்தில் கத்த வேண்டியிருக்கிறது.

'ஹெந்தியான் செபெலா' என்று பலகை இருந்தால் அது சிறிய நிறுத்துமிடம். கழிப்பறையும் சில கடைகளும் இருக்கும். பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பி அங்கே நுழைய வேண்டாம்.

பலகையைக் கண்டதும் இடது தடம்

இன்னும் எத்தனை கிலோமீட்டரில் ஓய்விடம் என்று முதல் பலகை சொல்லும்போதே இடது பக்கம் வரத் தொடங்குங்கள். வலது கோடியில் இருந்தால் ஒரே வீச்சில் இரண்டு தடம் தாண்டக் கூடாது. சிக்னல் போட்டு நடுத் தடத்துக்கு வந்து, அங்கே சற்று நேராக ஓடி, மறுபடி கண்ணாடி பார்த்த பிறகே இடது தடத்துக்கு வர வேண்டும்.

இங்கேதான் ஒரு லோரி குறுக்கே வரும். இடது தடத்தில் அது மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். 'இதை முந்திவிட்டு உள்ளே போய்விடலாம்' என்று மனசு சொல்லும். இந்தச் சாலையில் ஓய்விடத்துக்கு அருகில் செய்யப்படும் தப்புகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். முந்தி முடித்து லோரியின் மூக்கின் முன் இடது பக்கம் வெட்டி, உடனே பிரேக்கையும் மிதித்தால், சுமையேற்றிய அந்த லோரியால் நிற்கவே முடியாது. லோரி ஓட்டுநருக்கு உங்கள் பின்விளக்கு தெரியும், ஆனால் அவர் என்ன செய்ய முடியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 110-இல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 33 நொடி. 80-இல் போகும் லோரியின் பின்னால் போனால் 45 நொடி. லோரிக்குப் பின்னால் அடங்கிப் போவதால் நமக்கு நஷ்டம் 12 நொடிதான். மெனோரா சுரங்கம் தாண்டி வடக்கே போகிறவர்கள் சுங்கை பேராக் ஓய்விடத்துக்கு முன் இந்த 12 நொடியை அவசியம் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த மலைப்பாதையில் கனரக வாகனங்கள் ஊர்ந்துதான் வரும்.

இடது கண்ணாடியில் மோட்டாரைத் தேடுங்கள்

நம் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை, அதனால் மோட்டார் சைக்கிளோட்டிகள் நிறைய. சாலையின் இடது ஓரத்தை ஒட்டியும் அவசரத் தடத்திலுமாக வருகிறார்கள். ஓய்விடத்துக்குள் திரும்பும் கார் சரியாக அவர்களுடைய பாதையைத்தான் குறுக்கே வெட்டுகிறது. நடுக் கண்ணாடியில் மட்டும் பார்த்துத் திரும்பினால் அவர்கள் தெரியவே மாட்டார்கள். இடது கண்ணாடியைப் பாருங்கள், பிறகு தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னாலும் ஒரு பார்வை பாருங்கள். சிக்னல் போட்டதும் வழி விட்டுவிடுவார் என்று எண்ண வேண்டாம். அவர் மழைக்கோட்டுத் தொப்பிக்குள் தலை குனிந்து ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஒருவர் பக்கத்தில் வந்துவிட்டால் வேகத்தைச் சற்றே குறைத்து அவரைப் போகவிட்டு, அவருக்குப் பின்னால் நுழையுங்கள்.

விட்டு விட்டு வரும் கோடு, தொடர்கோடு, பட்டைகள்

நுழைவழி தொடங்கும் இடத்தில் தரையில் விட்டு விட்டு ஒரு கோடு வரும். உள்ளே போக அனுமதி இங்கேதான். அந்தக் கோடு தொடங்கும்போதே முழுக் காரையும் நுழைவழிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பாதிக் கார் உள்ளே, பாதி வெளியே என்று ஓட்டினால், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் போகிறீர்களா இருக்கிறீர்களா என்று புரியாது. பிரேக்கை நுழைவழிக்குள் வந்த பிறகே மிதியுங்கள், நெடுஞ்சாலைத் தடத்தில் இருக்கும்போது வேண்டாம்.

அடுத்து அது தொடர்கோடாக மாறும். அந்த இடத்தோடு நுழைவது முடிந்தது. உள்ளே வந்தவர் வெளியே திரும்பக் கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக் கூடாது. அதற்கப்புறம் இரண்டு பாதைகளும் பிரியும் முக்கோணத்தில் சாய்வுப் பட்டைகள் வரைந்திருக்கும். அந்த முக்கோணம் யாரும் ஓட்டுவதற்கான இடமில்லை. கூர்ந்து பார்த்தால் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியும்: வெள்ளைப் பட்டைகளின் மேல் குறுக்கே இழுத்த கறுப்பு டயர்த் தடங்கள், உடைந்த விளக்குக் கண்ணாடிச் சில்லுகள், வண்டிகள் ஓடாத இடமென்பதால் சேர்ந்து கிடக்கும் பொடிக்கல். 90-இல் வரும் கார் அந்தப் பொடிக்கல்லில் ஏறி ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் பிடிக்காது. நனைந்த பெயின்ட் இன்னும் வழுக்கும். அதையும் தாண்டினால் எதிரே நிற்பது தடுப்புக் கம்பியின் முனை.

1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி தரையில் உள்ள கோடுகளும் போக்குவரத்துக் குறியீடுகள்தாம். மீறினால் சம்மன் வரும். ஆனால் சம்மனுக்குப் பயந்து கோட்டை மதிக்கிறவர் போலீஸ் இல்லாத இடத்தில் மதிக்க மாட்டார். கோடு எங்கே முடிகிறது என்பதை நம்பித்தான் பின்னால் வருகிற இருபது வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்தால் தானாகவே கை ஒழுங்காகத் திரும்பும்.

சாயங்கால மழையில் கோடே தெரியாது. அப்போது தரையில் பதித்த ஒளிரும் குமிழ்களைப் பாருங்கள். அவையும் தெரியவில்லை என்றால் அந்த ஓய்விடத்தை விட்டுவிடுங்கள்.

தவறவிட்டால்

போய்க்கொண்டே இருங்கள். அவசரத் தடத்தில் நிறுத்திப் பின்னோக்கி வருவது, சாவதற்குச் சமமான வேலை. பிள்ளை அழுதாலும் அடுத்த ஓய்விடம் வரும், அதற்கு முன்பே ஒரு டோல் சாவடி வெளிவழியும் வரக்கூடும். இறங்கி, ஊருக்குள் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றுவிட்டு மறுபடி ஏறலாம்.

பெருநாள் காலத்தில் உள்ளே இடமில்லாமல் கார் வரிசை அவசரத் தடம் வரை நீண்டிருக்கும். அந்த வாலில் போய் ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும் வழி அது, பின்னால் வருபவர் அங்கே நின்றிருக்கும் காரை எதிர்பார்ப்பதும் இல்லை. வரிசையைக் கண்டதும் அடுத்த இடத்துக்குப் போங்கள்.

உள்ளே வந்த பின்

நுழைந்ததும் பாதை பிரியும். 'கெண்டரான் பெராட்' என்று எழுதிய வழி லோரிக்கும் பேருந்துக்கும். நீங்கள் கார்ப் பாதையில் போங்கள். 110-இலிருந்து வந்த கண்ணுக்கு 60-உம் நத்தை வேகமாகவே தோன்றும். அதனால் உணர்வை நம்பாமல் மீட்டரைப் பார்த்துக் குறையுங்கள், பார்க்கிங்கில் பிள்ளைகள் கார்களுக்கு நடுவே ஓடுவார்கள். அம்புக்குறிகள் ஒருவழிப்பாதை என்றால் ஒருவழிதான். பெட்ரோல் நிலையத்தைத் தாண்டிவிட்டால் எதிர்த்திசையில் திரும்பி வர வேண்டாம்.

வெளியே போகும்போதும் இதே கோடுகள் தலைகீழாக வரும். முதலில் பட்டைகளும் தொடர்கோடும், அதன் பிறகே விட்டு விட்டு வரும் கோடு. தொடர்கோடு முடியும்வரை வலது பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே தள்ளாதீர்கள். ஏறுவழியின் நீளம் முழுக்க வேகத்தைக் கூட்டி, வலது சிக்னலோடு, தோளுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்து, இடைவெளி கிடைத்ததும் இடது தடத்தில் சேருங்கள். சேர்ந்த பிறகு சிக்னலை அணைத்துவிட்டுச் சிறிது தூரம் இடது தடத்திலேயே போங்கள்.