காதோடு வரும் செய்தி

 

காதால் கேட்டுக் கல்வி பெறுவது நம் மார்க்கத்தில் புதிதன்று. இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஹதீஸைக் கேட்பதற்காகவே ஹிஜாஸ், இராக், சிரியா, எகிப்து என்று நாடு நாடாய்ப் போனார்கள். கேட்டதை எழுதும்போது, எங்களுக்கு இன்னார் அறிவித்தார், அவருக்கு இன்னார் அறிவித்தார் என்று சொன்னவர் பெயரை முன்னால் வைத்தார்கள். இந்தப் பெயர்த் தொடருக்கே இஸ்னாது என்று பெயர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கையோடு எடுத்துச் செல்லும் பாட்டுப் பெட்டி நாம் செய்தி கேட்கும் விதத்தை எப்படி மாற்றியது என்று பார்ப்போம்.

பிலிப்ஸ் கம்பெனி 1963ல் கேசட்டை வெளியிட்டது. அதற்கு முன் பயான் கேட்கப் பள்ளிவாசலுக்குப் போகவேண்டும்; இல்லையேல் வானொலிக்காரர் வைத்த நேரத்தில் உட்காரவேண்டும். கேசட் வந்தபின் தமிழகத்து ஹஸ்ரத்மார்களின் பேச்சு கடல் கடந்து வந்தது. நாகூர் ஹனிபா அவர்களின் பாட்டும், எகிப்து நாட்டுக் காரி மஹ்மூது கலீல் ஹுஸரி அவர்களின் ஓதலும் ஒரே அலமாரியில் இருந்தன. 1978ல் பிரான்சில் தங்கியிருந்த கொமெய்னியின் பேச்சுக்கள் கேசட்டில் பிரதியெடுக்கப்பட்டு ஈரான் எங்கும் பரவியது உலகறிந்த சரித்திரம்.

கேசட்டில் வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிப்பது பெருந்தொல்லை. அத்தொல்லையும் ஒரு பரக்கத்தே என்று இப்போது தோன்றுகிறது. 90 நிமிஷ நாடா என்றால் பக்கத்துக்கு 45 நிமிஷம். ஸலவாத்து முதல் துஆ வரை கேட்டே தீரவேண்டும். இரவில் வாப்பா கணக்கெழுதும்போது டேப்ரிக்கார்டர் ஓடும். கடைப்பையன், பக்கத்துக் கடைக்காரர், சாமான் வாங்க வந்தவர், எல்லார் காதிலும் விழும். ஒருவருக்கு ஐயம் வந்தால் டேப்பை நிறுத்திவிட்டுத் தர்க்கம் நடக்கும். சில நாள் அதை மறுபடி ஓட விடவே மறந்துபோவார்கள்!

1979ல் ஸோனி கம்பெனியின் வாக்மன் வந்தது. முதல் வாக்மனில் இருவர் கேட்க இரண்டு துளைகள் இருந்தன. காலப்போக்கில் அதுவும் போயிற்று. 2001ல் வந்த ஆப்பிள் கம்பெனியின் ஐபாட் ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப்பையில் அடக்கியது. 2005ல் வந்த ஐபாட் ஷஃபிளில் பெயர் காட்டும் திரையே கிடையாது. வரிசையைக் கலைத்துப் போட்டும் பாடும். பாட்டுக்கு இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஐபாட் உற்பத்தி 2022ல் நின்றுவிட்டது. ஆனால் தனியே கேட்பதும், துண்டு துண்டாய்க் கேட்பதும், சொல்பவர் யாரென்று பாராமல் கேட்பதும் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

சில வருஷங்களுக்கு முன், ரமலான் நெருங்கிய சமயம், வாடிக்கைக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷத் துண்டு அனுப்பினார். வியாபாரச் சரக்குக்கு ஜகாத் இல்லை என்று ஓர் ஆலிமின் குரல் அதில் சொல்லிற்று. இயர்போனில் இரண்டு முறை கேட்டோம். உண்மையைச் சொன்னால் மனம் மகிழ்ந்தது. 40,000 ரிங்கிட் சரக்குக்கு நூற்றுக்கு இரண்டரை வீதம் 1,000 ரிங்கிட் அன்றோ! மகிழ்ந்த வேகமே நம்மை உறுத்திற்று. தேடி முழுப் பயானையும் பிடித்தோம். அந்த ஆலிம், ஹிஜ்ரி 456ல் வபாத்தான அந்தலூசியா அறிஞர் இப்னு ஹஸ்ம் அவர்களின் கருத்தை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகு நான்கு மத்ஹபுகளும் வியாபாரச் சரக்குக்கு ஜகாத் கடமை என்றே தீர்ப்பளித்திருப்பதை வெகுநேரம் விளக்குகிறார். நமக்கு வந்தது முதல் நிமிஷம் மட்டுமே.

தீயவன் செய்தி கொண்டுவந்தால் விசாரித்துத் தெளியுமாறு சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. இங்கே கொண்டுவந்தவர் நல்லவர், பேசியவரும் நல்லவர். நடுவில் வெட்டியவர் யார்? அவர் பெயர் எங்கும் இல்லை.

நம் ஜொகூரில் மார்க்கம் போதிப்பவர் தௌலியா பெற்றிருக்கவேண்டும். சூராவில் அவர் முன் உட்கார்ந்தால் கைதூக்கிக் கேட்கலாம். காதுக்குள் பேசும் துண்டுக் குரலிடம் எவ்விதம் கேட்பது? பாசிர் கூடாங்கில் இரவு வேலைக்குப் போகும் தம்பி பஸ்ஸில் யாசீன் கேட்பதையோ, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் சகோதரி பயான் கேட்பதையோ குறைசொல்ல நமக்கு வாயில்லை. மஸ்அலா கேட்கும்போது மட்டும் பேசுபவர் பெயர், பேசிய இடம், பேச்சின் முன்னும் பின்னும் ஆகியவற்றைத் தேடிப் பார்த்துவிட்டு, உள்ளூர் ஆலிமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

அவ்வருஷம் அரிசி மூட்டை முதல் ஊதுபத்திக் கட்டு வரை எண்ணினோம். இயர்போனைக் கழற்றி, முழுப் பயானையும் கடை முழுதும் கேட்க வைத்திருந்தோம். பாதி எண்ணும்போதே, கடனுக்குப் போன சரக்கை எப்படிக் கணக்கிடுவது என்று கடைப்பையன் கேட்டான். நிறுத்திவிட்டு, இஷாவுக்குப் பின் இமாமிடம் போனோம்.